கரோனரி ஃபிஸ்டுலாவை எக்கோவில் கண்டறிவது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கான வழிகாட்டி

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகள் பெருந்தமனியின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டு, இதயத்தின் மேற்பரப்பில் ஓடி, கிளைகளாகப் பிரிந்து, தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் முடிகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே இந்த வழி மாறிவிடுகிறது. நுண்குழாய்களைச் சென்றடையாமல், ஒரு தமனியோ அதன் கிளையோ நேராக இதயத்தின் ஓர் அறையிலோ, நுரையீரல் தமனியிலோ, இதயத் தசையிலிருந்து திரும்பும் இரத்தத்தைச் சேர்த்து வலது மேலறைக்குக் கொண்டுசெல்லும் கரோனரி சைனஸிலோ திறந்துகொள்கிறது. இந்த முறையற்ற இணைப்பையே கரோனரி ஃபிஸ்டுலா என்கிறோம். இது அரிதான கோளாறுதான். ஆனாலும் தொடர்ந்து எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் பரிசோதனை) செய்பவர்களின் பார்வைக்கு எப்போதாவது வந்தே தீரும்; தேடிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் அதை அறியாமலே கடந்துபோவார்கள்.

அடிப்படைக் காட்சிகளை எடுக்கக் கற்றுக்கொண்டு, அடுத்த நிலைக்கு வரும் மருத்துவர்களையும் எக்கோ டெக்னீஷியன்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றை வலியுறுத்த வேண்டும். விரிந்த கரோனரி கண்ணில் பட்டவுடன் "கரோனரி விரிந்துள்ளது" என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அது எங்கே தொடங்குகிறது, எந்த வழியே போகிறது, எங்கே திறக்கிறது, அதில் இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது ஆகிய நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை புரோபை (மார்பில் வைத்து ஒலியலைகளை அனுப்பும் கருவியை) கீழே வைக்கக் கூடாது. இவற்றுள் கடைசிக் கேள்வியைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒரு குழந்தையின் உயிர் சில வேளைகளில் அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

புரோபைத் தொடுவதற்கு முன்

ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேளுங்கள். ஃபிஸ்டுலா பெரிதாக இருந்தால், இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் இடைவிடாமல் தொடரும் முணுமுணுப்பு ஒலி கேட்கும். பி.டி.ஏ. எனப்படும், பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்துப் பிறந்த பின்னும் மூடாத டக்டஸ் நாளத்திலும் இதே போன்ற ஒலிதான் வரும் என்றாலும், அது இடது காறை எலும்புக்குக் கீழே ஓங்கிக் கேட்கும். ஃபிஸ்டுலாவின் ஒலி பெரும்பாலும் அதைவிடக் கீழே, மார்பெலும்பின் ஓரமாக, இணைப்பு எந்த அறையில் திறக்கிறதோ அதற்கு நேராகக் கேட்கும். குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. பெரிய இணைப்பு உள்ள கைக்குழந்தைகள் பால் குடிக்கும்போது வியர்த்து, மூச்சு வாங்கலாம். வயது ஏறும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இதய உட்சவ்வில் கிருமித்தொற்று ஆகியவை வரக்கூடும்.

ஈ.சி.ஜி.யையும் பார்த்துவிடுங்கள். அதில் என்ன தேட வேண்டும் என்பதைப் பின்னால், இரத்தத்தின் திசையைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

மெஷினைத் தயார்செய்தல்

அழுது புரளும் குழந்தையிடம் கரோனரியைப் பார்க்க முடியாது. பால் கொடுத்துத் தூங்கவைப்பது முதல் வழி. அது பலிக்காவிட்டால், மருத்துவரின் மேற்பார்வையில், ஆக்சிஜன் அளவைக் கண்காணித்துக்கொண்டே தூக்க மருந்து தரலாம். ஈ.சி.ஜி. லீடுகளை எக்கோ மெஷினிலும் கட்டாயம் இணைக்க வேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஓட்டம் எந்தக் கட்டத்தில் நிகழ்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே பாதி முடிவுகளை எடுக்கப் போகிறோம், ஈ.சி.ஜி. கோடு இல்லாவிட்டால் அந்த முடிவுகளெல்லாம் ஊகமாகிவிடும்.

கைக்குழந்தைக்கு 8 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரையிலான புரோபும், வளர்ந்த பிள்ளைகளுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் அளவிலான புரோபும் பொருந்தும். பெரியவர்களுக்கு இன்னும் குறைந்த அதிர்வெண் தேவைப்படும். ஆழத்தைக் குறைத்து, செக்டரை (காட்சிப்பரப்பின் அகலத்தை) ஒடுக்கி, பெருந்தமனியின் வேர்ப்பகுதியை ஜூம் செய்துகொள்ளுங்கள். இரத்த ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் நிறங்களாகக் காட்டும் கலர் டாப்ளரில் இரண்டு வேறுபட்ட ஸ்கேல்களை (வேக வரம்புகளை) மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டியிருக்கும். சாதாரணக் கரோனரி ஓட்டம் மெதுவானது என்பதால் அதற்கு வினாடிக்கு 20 முதல் 30 செ.மீ. வரை ஸ்கேலைக் குறைக்க வேண்டும். ஃபிஸ்டுலா திறக்கும் இடத்தில் பீறிடும் ஜெட்டைச் சரியாகக் காண 60 செ.மீ.க்கு மேல் உயர்த்த வேண்டும். வால்வுகளைப் பார்த்த அதே உயர் ஸ்கேலில் கரோனரியைத் தேடினால், குழாய் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதற்குள் ஓடும் இரத்தம் தெரியாது.

முதற்படி: தொடங்கும் இடம்

மார்பெலும்பின் இடப்புறம், வழக்கத்தைவிட ஒரு விலா இடைவெளி மேலே புரோபை வைத்து, பெருந்தமனியின் குறுக்குவெட்டுக் காட்சியை எடுங்கள். பெருந்தமனியைக் கடிகார முகமாகக் கொண்டால், வலது கரோனரி 10 அல்லது 11 மணித் திசையிலும், இடது பிரதான கரோனரி 4 மணிக்கு அருகிலும் புறப்படும். இரண்டும் ஒரே தளத்தில் அரிதாகவே தெரியும். ஒன்று தெரிந்ததும் புரோபை மிகச் சிறிதளவு சாய்த்தும் சுழற்றியும் மற்றொன்றைத் தேட வேண்டும்.

கிளை பிரியும் இடத்தைத் தவிர்த்து, உட்சுவரின் விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை அளந்து, குழந்தையின் உடற்பரப்புக்கு ஏற்ற இசட் ஸ்கோரை (அந்த உடற்பரப்புக்குரிய சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணை) குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 2 மி.மீ. இருக்க வேண்டிய கைக்குழந்தையின் தமனி 5 மி.மீ. இருந்தால் அட்டவணையைப் பார்க்காமலே அது விரிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதைவிட நுட்பமான அறிகுறி, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு. ஃபிஸ்டுலாவுக்கு இரத்தம் தரும் தமனி மட்டும் தொடக்கத்திலிருந்தே பருத்திருக்கும். மற்றது வழக்கமான அளவில் இருக்கும். கவாசாகி நோயாலும் கரோனரி விரியும் என்பதால், பல நாள் நீடித்த காய்ச்சல், சிவந்த கண், தோல் தடிப்பு பற்றிப் பெற்றோரிடம் விசாரியுங்கள். கவாசாகியில் தமனி ஆங்காங்கே புடைத்திருக்குமே தவிர, திறந்து கொட்டும் இடம் ஒன்று இருக்காது.

சிறிய ஃபிஸ்டுலாக்களில் தமனி சற்றும் விரிந்திருக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வேறு காரணத்துக்காகச் செய்யும் எக்கோவில், நுரையீரல் தமனியிலோ வலது கீழறையிலோ ஒரு சிறு கலர் கீற்று மட்டும் தென்படும். அப்போது திறக்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: குழாயைத் தொடர்ந்து செல்லுதல்

பொறுமை அதிகம் தேவைப்படும் படி இது. விரிந்த கரோனரி நேர்க்கோட்டில் போவதில்லை. வளைந்து நெளிந்து போகும். ஆகவே எந்தத் தளத்திலும் அது முழுக் குழாயாகத் தெரியாது. முறுக்கைக் குறுக்கே வெட்டினால் எப்படிப் பல வட்டங்கள் தெரியுமோ, அப்படித்தான் திரையில் கருப்பு வட்டங்கள் அடுத்தடுத்துத் தெரியும். புதியவர்கள் இவற்றை நீர்க்கட்டி என்றோ, இதய உறைக்குள் தேங்கிய நீர் என்றோ, விரிந்த கரோனரி சைனஸ் என்றோ எண்ணிவிடுவது உண்டு. ஒவ்வொரு வட்டத்தின் மீதும் கலரைப் போட்டுப் பாருங்கள்; தமனியாக இருந்தால் ஓட்டம் தெரியும்.

வலது கரோனரியைத் தொடர, பெருந்தமனியின் வேரிலிருந்து வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள பள்ளத்தை நோக்கிச் செல்லுங்கள். நான்கு அறைக் காட்சியில் ட்ரைகஸ்பிட் வால்வின் வெளி விளிம்பை ஒட்டி அதன் குறுக்குவெட்டு தெரியும். புரோபைப் பின்புறமாகச் சாய்த்தால் இதயத்தின் அடிப்பரப்பில் அது ஓடுவதைக் காணலாம். விலாவுக்குக் கீழிருந்து எடுக்கும் காட்சிகள் குழந்தைகளில் இதற்கு மிகவும் உதவும். இடது கரோனரியின் கிளையான இடது முன் இறங்கு தமனியைத் தொடர, குறுக்குவெட்டுக் காட்சியிலிருந்து மெல்ல மெல்ல இதய நுனியை நோக்கி இறங்குங்கள். இரு கீழறைகளும் முன்புறத்தில் சந்திக்கும் பள்ளத்தில் அது சிறு வட்டமாகக் கூடவே வரும். இடது கரோனரியின் மற்றொரு கிளையான சுற்றுத் தமனியோ, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வின் இடப்புற விளிம்பை ஒட்டிச் செல்லும்.

உறைந்த படங்களைச் சேமிப்பதால் இந்தப் படியில் பயன் குறைவு. புரோபை மெதுவாக நகர்த்திக்கொண்டே நீண்ட வீடியோவாகப் பதிவுசெய்யுங்கள். உங்களுக்குப் பிறகு அதைப் பார்க்கும் இதய நிபுணரால் அந்த வழியை மனத்தில் கட்டியெழுப்ப முடிய வேண்டும்.

மூன்றாம் படி: திறக்கும் இடம்

ஃபிஸ்டுலாக்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இதயத்தின் வலப்பகுதியிலேயே திறக்கின்றன. வலது கீழறை முதலிடத்திலும், அதையடுத்து வலது மேலறையும் நுரையீரல் தமனியும் வருகின்றன. எனவே கலர் ஸ்கேலை உயர்த்திக்கொண்டு, வலது கீழறையின் உட்சுவர் முழுவதையும் ஒவ்வோர் அங்குலமாகத் துழாவுவதில் தொடங்குவது நல்லது. பல நிறங்கள் கலந்து பீறிடும் ஜெட் ஒன்று சுவரிலிருந்து புறப்படும் புள்ளியே திறப்பு. அந்தப் புள்ளியில் டாப்ளர் கர்சரை வைத்து அலைவடிவத்தை எடுங்கள்.

அலைவடிவம் பல செய்திகளைச் சொல்லும். வலது அறைகளில் அழுத்தம் எப்போதும் பெருந்தமனியைவிடக் குறைவு என்பதால், அங்கே திறக்கும் ஃபிஸ்டுலாவில் இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் ஓட்டம் தொடரும். இடது கீழறையில் திறந்தால் நிலைமை வேறு: சுருங்கும் கட்டத்தில் இடது கீழறையின் அழுத்தமும் பெருந்தமனியின் அழுத்தமும் ஏறக்குறைய சமம், ஆகவே விரியும் கட்டத்தில் மட்டுமே ஓட்டம் இருக்கும். ஈ.சி.ஜி. லீடை இணைக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும்.

நுரையீரல் தமனிக்குள் தெரியும் ஜெட்டில்தான் குழப்பம் மிகுதி. பி.டி.ஏ.வின் ஜெட், நுரையீரல் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு அருகே, இடது கிளையின் தொடக்கத்தில் நுழைந்து, சுவரை ஒட்டி வால்வை நோக்கி வரும்; அதன் வேகம் சுருங்கும் கட்டத்தின் இறுதிப்பகுதியில் உச்சத்தை எட்டும். கரோனரி ஃபிஸ்டுலாவின் ஜெட் பெரும்பாலும் வால்வுக்குச் சற்று மேலே, தண்டின் பக்கச் சுவரிலிருந்து புறப்படும். விரியும் கட்டத்தில் ஓங்கியிருக்கும். நுரையீரல் வால்வின் கசிவையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஜெட் வால்வின் இதழ்களுக்கிடையே தொடங்குகிறதா, சுவரிலிருந்து தொடங்குகிறதா என்று ஜூம் செய்து பாருங்கள். வலது கீழறையிலோ மேலறையிலோ ஜெட் தெரிந்தால், பெருந்தமனி வேரின் புடைப்பான வால்சால்வா சைனஸ் வெடித்திருப்பதையும் நினைக்க வேண்டும். அதில் கரோனரிகள் வழக்கமான அளவில் இருக்க, பெருந்தமனியின் சைனஸே பைபோல நீண்டு அறைக்குள் திறந்திருக்கும்.

நுரையீரல் வால்வு முற்றிலும் அடைபட்டு, கீழறைத் தடுப்புச்சுவரில் துளையும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளைத் தனி வகையாகக் கருத வேண்டும். அவர்களில் சிலருக்கு, வெளியேற வழியில்லாத வலது கீழறை தன் உயர் அழுத்தத்தால் இரத்தத்தைக் கரோனரிக்குள்ளேயே தள்ளும். இதயத் தசையின் ஒரு பகுதி அந்த ஓட்டத்தை நம்பியே வாழ்ந்துகொண்டிருக்கலாம். கரோனரி ஆஞ்சியோகிராம் பார்த்து உறுதிசெய்யாமல் அந்த அறையின் அழுத்தத்தைக் குறைத்தால் தசை இரத்தமின்றி மடியும். ஆகவே இந்தக் குழந்தைகளின் எக்கோவில் கரோனரிப் பகுதியில் சிறு ஓட்டம் தெரிந்தாலும் ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதுங்கள்.

நான்காம் படி: எவ்வளவு இரத்தம் வழிதவறுகிறது?

இடது கீழறையின் அளவு, அதன் சுருங்கு திறன், இடது மேலறையின் அளவு ஆகியவற்றை அளவிடுங்கள். மார்பிலும் வயிற்றிலும் செல்லும் இறங்கு பெருந்தமனியில் டாப்ளர் வைத்து, விரியும் கட்டத்தில் இரத்தம் மேல்நோக்கித் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் ஃபிஸ்டுலா பெரியது. சுவரின் எந்தப் பகுதியாவது மந்தமாக அசைகிறதா என்பதையும் கவனியுங்கள். இரத்தம் எளிதான வழியில் ஓடிவிடுவதால் அப்பால் உள்ள தசைக்குப் போதாமல் போயிருக்கலாம்.

இங்கே புதியவர்களைத் தவறாமல் ஏமாற்றும் ஒரு கணக்கு இருக்கிறது. இதயத் தடுப்புச்சுவரில் துளை உள்ள நோய்களில் வலது கீழறையின் வெளிவழி ஓட்டத்தை இடது கீழறையின் வெளிவழி ஓட்டத்தால் வகுத்து, நுரையீரல் ஓட்டத்துக்கும் உடல் ஓட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடக் கற்றிருப்பீர்கள். வலது மேலறையிலோ கீழறையிலோ திறக்கும் கரோனரி ஃபிஸ்டுலாவில் அந்தக் கணக்கு ஏறக்குறைய 1 என்றே காட்டும். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். உடலுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் போகிறது, ஃபிஸ்டுலா வழியே 1 லிட்டர் போகிறது என்று கொள்வோம். உடலிலிருந்து திரும்பும் 2 லிட்டரும் ஃபிஸ்டுலாவின் 1 லிட்டரும் வலப்பக்கத்தில் சேர்வதால், வலது வெளிவழியில் 3 லிட்டர் போகும். அதே 3 லிட்டர்தான் நுரையீரலைச் சுற்றி இடப்பக்கம் வந்து, இடது வெளிவழியையும் கடக்கும். ஃபிஸ்டுலா அதற்கு அப்பால், பெருந்தமனியின் வேரிலிருந்தே பிரிகிறது அல்லவா? எனவே 3-ஐ 3-ஆல் வகுத்து, கூடுதல் ஓட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். உண்மையான விகிதமோ 1.5. நுரையீரல் தமனியில் திறந்தால் விகிதம் இன்னும் தலைகீழாகி 1-க்கும் கீழே வரும். ஆகவே இந்த நோயில் அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதாமல், அறைகளின் அளவையும் பெருந்தமனியின் பின்னோட்டத்தையும் நம்புங்கள்.

ஜெட்டின் வேகத்தை வைத்து வலது கீழறையின் அழுத்தத்தைக் கணிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். நீண்டு நெளிந்த குழாயில் அழுத்தம் வழியிலேயே கரைந்துவிடுவதால், திறப்பில் கிடைக்கும் வேகத்தைக் கொண்டு கணித்தால் வலது கீழறையின் அழுத்தம் உண்மையைவிட அதிகமாகத் தோன்றும். ட்ரைகஸ்பிட் வால்வில் கசிவு இருந்தால் அதிலிருந்து கணிப்பது மேல்.

ஐந்தாம் படி: இரத்தத்தின் திசை

நான்காவது கேள்விக்கு வந்துவிட்டோம். நுரையீரல் தமனிக்குள் விரியும் கட்டத்தில் ஒரு ஜெட் தெரிகிறது. வலது கரோனரி பருத்திருக்கிறது. இது ஃபிஸ்டுலாவாக இருக்கலாம். ஆனால் இடது கரோனரியே பெருந்தமனிக்குப் பதிலாக நுரையீரல் தமனியிலிருந்து புறப்படும் அல்காபா என்னும் கோளாறாகவும் இருக்கலாம். 1933-இல் பிளாண்ட், வைட், கார்லண்ட் ஆகிய மூன்று அமெரிக்க மருத்துவர்கள் இதன் அறிகுறிகளை விவரித்ததால் அவர்கள் பெயராலும் இது அழைக்கப்படுகிறது. சுமார் 3 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் நோய். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் வயதைத் தாண்டுவதில்லை. அறுவை சிகிச்சை செய்து இடது கரோனரியைப் பெருந்தமனிக்கு மாற்றிவிட்டால், சோர்ந்துபோன இதயம் வியக்கத்தக்க அளவில் தேறிவிடும்.

பிறந்த புதிதில் நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்ந்திருப்பதால் குழந்தை நன்றாகவே இருக்கும். சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்க, இடது கரோனரிக்குள் இரத்தம் முன்னோக்கிப் போகாது. வலது கரோனரியிலிருந்து கிளைகள் வழியே வரும் இரத்தமும் இடது கரோனரியில் பின்னோக்கி ஓடி நுரையீரல் தமனியில் கொட்டிவிடும். இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்கையில் வீறிட்டு அழுது, வெளிறி, வியர்த்துப் போகிறது என்று தாய் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஈ.சி.ஜி.யில் முதல் லீடிலும் ஏ.வி.எல். லீடிலும் ஆழமான கியூ அலை இருக்கும்.

எக்கோவில் இடது கீழறை பெருத்து, சோர்ந்து துடிக்கும். மைட்ரல் வால்வு கசியும். அதன் இதழ்களை இழுத்துப் பிடிக்கும் பாப்பில்லரித் தசைகள் வெண்மையாக ஒளிரும். இதைப் பார்த்துவிட்டு டைலேட்டட் கார்டியோமயோபதி (இதயத் தசையே பலவீனமாகி விரியும் நோய்) என்று எழுதுவது மிக எளிது, மிக ஆபத்தானதும்கூட. அந்தப் பெயரை எழுதுவதற்கு முன், இடது கரோனரி பெருந்தமனியில் தொடங்குவதைக் கலர் ஓட்டத்தோடு பார்த்தேன் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

கருப்பு வெள்ளைப் படத்தை மட்டும் நம்பக் கூடாது. பெருந்தமனிக்குப் பின்னால் இதய உறையில் உள்ள குறுக்குச் சைனஸ் என்னும் இடுக்கு, இடது கரோனரி பெருந்தமனியோடு சேர்ந்திருப்பதுபோலத் தோற்றம் காட்டும். கலர்தான் உண்மையைச் சொல்லும். ஸ்கேலைக் குறைத்து இடது முன் இறங்கு தமனியைப் பாருங்கள். சரியான அமைப்பில், விரியும் கட்டத்தில் இரத்தம் பெருந்தமனியிலிருந்து விலகி, முன்புறமாக, புரோபை நோக்கி வருவதால் சிவப்பாகத் தெரியும். அல்காபாவில் அது நீலமாக, நுரையீரல் தமனியை நோக்கித் திரும்பி ஓடும். தடுப்புச்சுவரில் பக்கக் கிளைகளின் ஓட்டம் பொட்டுப் பொட்டாகத் தெரிவதும் இதற்கு வலுவான சான்று. மாறாக, இடது பிரதான கரோனரி பெருந்தமனியிலிருந்து புறப்பட்டு, முன்னோக்கிய ஓட்டத்துடன் இருந்து, அதன் ஒரு கிளை மட்டும் நுரையீரல் தமனியில் கொட்டினால், அது ஃபிஸ்டுலா.

ரிப்போர்ட்டும் அடுத்த கட்டமும்

ரிப்போர்ட்டில் தொடங்கும் தமனி, அதன் விட்டம், இசட் ஸ்கோர், செல்லும் வழி, திறக்கும் அறை, திறப்புகளின் எண்ணிக்கை, திறப்பின் அகலம், ஓட்டத்தின் கட்டமும் திசையும், இடது கீழறையின் அளவு, சுவர் அசைவு, வால்வுக் கசிவு ஆகியவை இடம்பெற வேண்டும். பார்க்க முடியாத பகுதியைப் "பார்க்க இயலவில்லை" என்றே எழுதுங்கள். வழக்கமாக இருப்பதாக எழுதாதீர்கள். பெரிய ஃபிஸ்டுலா என்றால் சி.டி. ஆஞ்சியோகிராமும், மூடுவதற்குத் திட்டமிடும்போது கேத் லேபில் (இரத்தக்குழாய் வழியே குழாய் செலுத்திப் பரிசோதிக்கும் அறையில்) ஆஞ்சியோகிராமும் தேவைப்படும். காயில், பிளக் போன்ற சாதனங்களால் குழாய் வழியே மூட முடியுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை அங்கே முடிவுசெய்வார்கள். இதயம் விரியாத, தொந்தரவு இல்லாத சிறு ஃபிஸ்டுலாவை மூட வேண்டியதில்லை. பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெற்றோரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி அச்சத்தைப் போக்கி, குறித்த இடைவெளியில் எக்கோவுக்கு வரச் சொல்லுங்கள்.

மூடிய பிறகு எக்கோவின் வேலை இன்னும் கூடுகிறது. விரிந்த தமனி உடனே சுருங்கிவிடாது. ஓட்டம் திடீரெனக் குறைந்துவிட்ட அகன்ற குழாயில் இரத்தம் தேங்கி உறைய இடமுண்டு, அதற்காகவே ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. ஒவ்வொரு வருகையிலும் தமனியின் விட்டத்தை அதே இடத்தில், அதே முறையில் அளந்து பழைய அளவோடு ஒப்பிடுங்கள். குழாய்க்குள் உறைகட்டி தெரிகிறதா, மூடிய இடத்தில் ஓட்டம் மிஞ்சியிருக்கிறதா, அந்தத் தமனி இரத்தம் தரும் சுவர்ப்பகுதி முன்போலவே அசைகிறதா என்று பாருங்கள். சுவரின் அசைவு புதிதாகக் குறைந்திருந்தால், அடுத்த வருகைவரை காத்திராமல் அன்றே சிகிச்சை செய்த குழுவிடம் தெரிவிக்க வேண்டும்.